துப்பறியும் கதை படிப்பது தப்பா?

"பரீட்சைக்குப் படிடா என்றால், கொலைக் கதை படிக்கிறாயா?"

பல வீடுகளில் கேட்ட அதட்டல் இது. பூகோளப் புத்தகத்துக்குள் துப்பறியும் நாவலை மறைத்து வைத்துப் படித்த தலைமுறைகள் உண்டு. அகப்பட்டால் அடி! புத்தகம் பரணுக்குப் போகும். சில வீடுகளில் அடுப்புக்கே போகும்.

"கொலை, கொள்ளை, திருட்டு என்று படித்தால் பிள்ளை கெட்டுப் போவான்" என்பது பெற்றோர் பயம். பெற்றவர்களுக்குப் பயம் இருப்பது இயற்கை. ஆனால் அந்தப் புத்தகத்தை அவர்கள் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும்.

நல்ல துப்பறியும் கதையில் கொலை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். மீதி இருநூறு பக்கமும் என்ன? விசாரணை!

யார் வந்தார்? எப்போது வந்தார்? அதைப் பார்த்தது யார்? பார்த்தவர் சொல்வது உண்மையா? வேறு விதமாகவும் நடந்திருக்கலாமா? இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கதை நகருகிறது. முதல் அத்தியாயத்தில் எல்லோரும் கை காட்டிய ஆள், கடைசி அத்தியாயத்தில் நிரபராதி ஆகிவிடுகிறான். யாரும் நினைக்காத ஒருவர் கூண்டில் நிற்கிறார்.

சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு. அந்தக் கதைகள் சொல்லும் பாடம் இதுதான். இவ்வளவு சுவையாக இதைச் சொல்லித் தரும் வாத்தியார் வேறு இல்லை.

கொதிக்கும் நெய்

குமரி மாவட்டத்தில் மயிலாடி என்று ஓர் ஊர். கற்சிலைகளுக்குப் பெயர் போன ஊர். சிற்பிகள் கல்லைக் கண்டதும் உளியை வைத்துவிடமாட்டார்கள். முதலில் தட்டிப் பார்ப்பார்கள். காது கொடுத்து ஓசையைக் கேட்பார்கள். வெளியே வழவழப்பாக இருந்தாலும், உள்ளே வெடிப்பு இருந்தால் ஓசை காட்டிக் கொடுத்துவிடும்.

கல்லுக்குக் கிடைத்த இந்த விசாரணை, ஒரு காலத்தில் மனிதனுக்குக் கிடைக்கவில்லை!

மயிலாடிக்குப் பக்கத்தில்தான் சுசீந்திரம் இருக்கிறது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை, இந்தப் பகுதி திருவாங்கூரைச் சேர்ந்தது. அந்த நாளில், ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளை, சுசீந்திரம் கோவிலுக்குக் கொண்டு வருவார்கள். கொதிக்கும் நெய்யில் அவர்கள் கையை விட வேண்டும். பிறகு கைக்குக் கட்டுப் போடுவார்கள். சில நாள் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். கை வெந்திருந்தால் குற்றவாளி! வேகாமல் இருந்தால் நிரபராதி!

இதற்குப் பெயர் "கைமுக்கு".

நெய்க்குத் தெரியுமா, எது திருட்டுக் கை, எது நல்ல கை என்று? குற்றம் செய்யாதவன் கையும் வேகத்தானே செய்யும்?

1829-ம் ஆண்டு முதல் 1846-ம் ஆண்டு வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் இந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. நெய்க் கொப்பரை போய்விட்டது. ஆனால், "உடம்பு நொந்தால் உண்மை வெளிவரும்" என்ற எண்ணம் போய்விட்டதா?

சிலம்பு வழக்கு

தமிழர்களுக்கு இந்தப் பாடம் புதிது அல்ல. இரண்டாயிரம் ஆண்டுப் பெருமை பேசும் நம் இலக்கியத்தில், கண்ணகி கதையே ஒரு தப்பான தீர்ப்பின் கதைதான்.

கோவலன் சிலம்பை விற்கப் போனான். பொற்கொல்லன், "அரசியின் சிலம்பைத் திருடியவன் இவன்" என்றான். பாண்டிய மன்னன் நம்பினான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் போலத்தான் கோவலன் தோன்றினான். கையில் சிலம்பு இருந்ததே! விசாரணை இல்லை. வெட்டு விழுந்தது.

பிறகு கண்ணகி வந்தாள். அவள் கேட்டது துப்பறியும் நிபுணர் கேட்கிற கேள்வி. அரசியின் சிலம்புக்குள் என்ன பரல்? முத்து. கண்ணகியின் சிலம்புக்குள்? மாணிக்கம். சிலம்பை உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது!

ஒரு நிமிட வேலை அது. அந்த ஒரு நிமிட வேலையை முன்பே செய்திருந்தால், கோவலன் பிழைத்திருப்பான். மன்னனும் பிழைத்திருப்பான். மதுரையும் எரிந்திருக்காது. திருடிய பொற்கொல்லனே புகார் கொடுத்தான் என்பதும் அன்றே தெரிந்திருக்கும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே நின்று, "கொஞ்சம் பொறு, பார்ப்போம்" என்று சொல்பவர்தான் துப்பறிபவர்.

யாருடைய குரல்?

உலகத்தின் முதல் துப்பறியும் கதை என்று பலரும் சொல்வது, அமெரிக்க எழுத்தாளர் எட்கார் ஆலன் போ 1841-ம் ஆண்டு எழுதிய கதை. பாரீஸ் நகரத்து வீதி ஒன்றில் ஒரு தாயும் மகளும் கொலை செய்யப்படுகிறார்கள். உள்ளே கேட்ட குரலைப் பற்றி அக்கம் பக்கத்தார் சாட்சி சொல்கிறார்கள்.

ஆங்கிலேயர், "அது ஜெர்மன்காரன் குரல்" என்கிறார். அவருக்கு ஜெர்மன் தெரியாது! ஸ்பெயின்காரர், "ஆங்கிலேயன் குரல்" என்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது! இத்தாலிக்காரர், "ருஷ்யன்" என்கிறார். அவர் ருஷ்யரோடு பேசியதே இல்லை!

ஒவ்வொருவரும் தனக்குத் தெரியாத அந்நியன் மீதுதான் சந்தேகப்படுகிறார். போலீசாரோ, இறந்தவர்களுக்குப் பணம் கொண்டு வந்து கொடுத்த பாங்கி குமாஸ்தாவைப் பிடித்து அடைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது யாருடைய குரல்? அதை இங்கே சொன்னால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். கதையைத் தேடிப் படியுங்கள்.

நூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய கதை. இன்றைக்கும் ஊருக்குள் ஒரு திருட்டு நடந்தால், முதல் சந்தேகம் யார் மீது விழுகிறது? வெளியூரில் இருந்து வேலைக்கு வந்தவன் மீது!

கண் டாக்டர் கண்டது

ஷெர்லாக் ஹோம்சைப் படைத்த சர் ஆர்தர் கானன் டாயில் ஒரு டாக்டர். கண் வைத்தியமும் படித்தவர். அவர் கதையில் மட்டும் துப்பறியவில்லை.

இங்கிலாந்தில் ஜார்ஜ் எடால்ஜி என்ற இளம் வக்கீல் இருந்தார். அவருடைய தந்தை பம்பாயில் பிறந்த பார்சி; இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்தவர். அந்த வட்டாரத்தில் இரவு நேரத்தில் யாரோ குதிரைகளையும் மாடுகளையும் வெட்டிக் காயப்படுத்தினார்கள். பழி அந்தக் கறுத்த நிறத்து வக்கீல் மீது விழுந்தது. 1903-ம் ஆண்டு அவருக்கு ஏழு ஆண்டு கடுங்காவல் தண்டனை கிடைத்தது. மூன்று ஆண்டு கழித்து வெளியே விட்டார்கள். ஆனால் குற்றவாளி என்ற பெயர் போகவில்லை.

கானன் டாயில் அவரைச் சந்திக்க ஓர் ஓட்டலுக்குப் போனார். எடால்ஜி உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்திருந்தார். கிட்டப் பார்வை! அதுவும் கடுமையான கிட்டப் பார்வை. இருட்டில் வயல்களையும் வேலிகளையும் தாண்டிப் போய், மிருகத்தைத் தேடி வெட்டிவிட்டுத் திரும்ப இவரால் முடியுமா?

1907-ம் ஆண்டு கானன் டாயில் பத்திரிகையில் எழுதினார். நாடே பேசியது. அதே ஆண்டில் எடால்ஜி மீதிருந்த பழி நீங்கியது. இங்கிலாந்தில் கிரிமினல் அப்பீல் கோர்ட்டு அமைந்ததும் அதே 1907-ம் ஆண்டில்தான். அது அமைவதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

அடுத்து ஆஸ்கார் சிலேட்டர். ஜெர்மனியில் பிறந்த யூதர். கிளாஸ்கோ நகரில் ஒரு மூதாட்டியைக் கொன்றதாக 1909-ம் ஆண்டு அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். "சாட்சியம் சரியில்லை" என்று கானன் டாயில் 1912-ம் ஆண்டு புத்தகமே போட்டார். யாரும் கேட்கவில்லை. 1927-ம் ஆண்டில்தான் சிலேட்டர் வெளியே வந்தார். 1928-ம் ஆண்டில் தண்டனை ரத்தானது. சிறையில் போன 18 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்வை யார் திருப்பிக் கொடுப்பது?

கதை எழுதுகிறவருக்கு வந்த சந்தேகம், நீதிபதிக்கும் ஜூரிகளுக்கும் வரவில்லை. அதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் துப்பு

தமிழில் இந்தக் கதைகளுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் திரட்டிய பண்டித நடேச சாஸ்திரி, "தானவன்" என்ற போலீஸ் நிபுணனை 1894-ம் ஆண்டிலேயே அறிமுகப்படுத்தினார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தமிழ் நாட்டு மனிதர்கள், தமிழ் நாட்டு ஊர்கள் என்று மாற்றி எழுதிக் குவித்தார். அவரது ஆனந்தசிங், ஷெர்லாக் ஹோம்சின் தமிழ் அவதாரம்!

1908-ம் ஆண்டு ஜே.ஆர்.ரங்கராஜுவின் "ராஜாம்பாள்" வந்தது. காதலன் கோபாலன் மீது கொலைப்பழி. துப்பறியும் கோவிந்தன் வந்து முடிச்சை அவிழ்க்கிறார். வடுவூர் துரைசாமி அய்யங்காரின் திகம்பர சாமியார், 1950-ம் ஆண்டு சினிமாவிலும் வந்தார். எம்.என்.நம்பியார் பல வேடங்களில் தோன்றி அசத்திய படம் அது.

தேவன் நம்மைச் சிரிக்க வைத்தார். அவரது துப்பறியும் சாம்பு அசடு. அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பவர். அதே தேவன்தான் "ஜஸ்டிஸ் ஜகந்நாதன்" நாவலையும் எழுதினார். அது முழுக்க ஒரு கொலை வழக்கு விசாரணை. கோர்ட்டு வாசலை மிதிக்காத தமிழ்க் குடும்பங்கள், குறுக்கு விசாரணை என்றால் என்ன என்பதை அந்த நாவலில் கற்றுக்கொண்டன.

தமிழ்வாணனின் சங்கர்லாலை மறக்க முடியுமா? தேநீர் குடித்துக்கொண்டே யோசிப்பார். உலக நகரங்களுக்கெல்லாம் போய் வருவார். விமானத்தைத் தூரத்தில் மட்டுமே பார்த்த பையன்களை அவர்தான் வெளிநாட்டுக்கு அழைத்துப் போனார்.

1968-ம் ஆண்டு சுஜாதாவின் "நைலான் கயிறு" குமுதத்தில் வந்தது. கணேஷ் அறிமுகமானார். அவர் ஒரு வக்கீல்! குற்றம் சாட்டப்பட்டவன் பக்கம் நின்று பார்க்கிற கண் அவருடையது. 1972-ம் ஆண்டு சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவி சின்னப் பிள்ளைகளின் கையில் ஏறினார். பிறகு மாத நாவல் காலம். கோவை ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். பஸ் நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய அந்தப் புத்தகங்கள்தான், பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய லட்சக்கணக்கானவர்களைத் தொடர்ந்து படிக்க வைத்தன.

உலகம் சுற்ற ஒரு வழி

தமிழோடு நின்றுவிடாமல், பிற நாட்டுக் கதைகளையும் படிக்க வேண்டும். ஒரு நாட்டின் சுற்றுலாப் புத்தகம் அந்த நாட்டின் வாசலைக் காட்டும். துப்பறியும் கதையோ கொல்லைப்புறத்தைக் காட்டும்.

வங்காளத்தில் சரதிந்து பந்தோபாத்யாயா 1932-ம் ஆண்டு பியோம்கேஷ் பக்ஷியைப் படைத்தார். பியோம்கேசுக்குத் "துப்பறிபவர்" என்ற பெயரே பிடிக்காது. தம்மை "சத்தியத்தைத் தேடுபவன்" என்றுதான் சொல்லிக்கொள்வார். என்ன அழகான பெயர்!

பெல்ஜியத்தில் பிறந்த சிம்னோன், 1931-ம் ஆண்டு முதல் மேக்ரே என்ற போலீஸ் அதிகாரியைப் பற்றி எழுதினார். மேக்ரே குற்றவாளியைக் கண்டுபிடிப்பதோடு நிற்கமாட்டார். "இவன் ஏன் இப்படிச் செய்தான்?" என்று புரிந்துகொள்ளப் பார்ப்பார். ஜப்பானில் செய்ச்சோ மாட்சுமோட்டோ 1958-ம் ஆண்டு வெளியிட்ட நாவலில், ரெயில் கால அட்டவணையை வைத்தே குற்றவாளியின் பொய்யை உடைத்தார். சுவீடனில் சோவால், வாலூ என்ற தம்பதி 1965-ம் ஆண்டு முதல் 1975-ம் ஆண்டு வரை பத்து நாவல்கள் எழுதினார்கள். பணக்கார நாடு, நல்ல நாடு என்று உலகம் புகழ்ந்த தங்கள் நாட்டில் ஏழைக்கு என்ன நடக்கிறது என்பதை, கொலை வழக்குகள் மூலம் சொன்னார்கள்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. கைரேகைக்கென்று உலகத்தில் முதல் காரியாலயம் 1897-ம் ஆண்டு கல்கத்தாவில்தான் அமைந்தது. கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு இருக்கிறது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குக் கைரேகைப் பிரிவு வந்தது, அதற்குப் பிறகு 1901-ம் ஆண்டில்தான்!

மடப்புரத்துக் காவலாளி

இவ்வளவு கதை எதற்கு? நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள்.

2018-ம் ஆண்டு மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே ஒரு குடும்பத்தார் குலதெய்வக் கோவிலுக்குக் காரில் போனார்கள். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். "பிள்ளை பிடிக்க வந்தவர்கள்" என்ற வதந்தி செல்போன் மூலம் பரவியிருந்த நேரம் அது. கூட்டம் கூடியது. அடி விழுந்தது. 65 வயது மூதாட்டி இறந்தார். "நீங்கள் யார்? எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டுப் பதிலைக் காதில் வாங்க, அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குப் பொறுமை இருந்திருந்தால் போதும்.

2025-ம் ஆண்டு ஜூன் மாதம். சிவகங்கை மாவட்டம் மடப்புரம் காளி கோவில். காரில் வைத்திருந்த நகையைக் காணவில்லை என்று ஒரு புகார். கோவில் காவலாளியான இளைஞரைப் போலீசார் விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. உடம்பில் பல காயங்கள் இருந்தன. போலீஸ்காரர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது.

ஒரு நகை. ஒரு புகார். விசாரணை முடியும் முன்னே ஓர் உயிர். இது மதுரைக்குப் பக்கத்திலேயே நடந்தது. கோவலன் கதையைப் பாடப் புத்தகத்தில் படித்த நாட்டில் நடந்தது!

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று பழமொழி சொல்பவர்கள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போலீசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல், கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியம் ஆகாது. 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அதைச் சொன்னது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. காரணம் எளிது. வலி தாங்காதவன் எதையும் ஒப்புக்கொள்வான். சுசீந்திரத்து நெய்யும் லத்தியும் ஒரே ரகம்.

எதைப் படிக்கலாம்?

துப்பறியும் கதை என்று அட்டையில் போட்டிருப்பது எல்லாம் நல்ல கதை ஆகிவிடாது. ரத்தத்தையும் கவர்ச்சியையும் மட்டும் விற்கிற புத்தகங்கள் உண்டு. ஆளைக் கட்டிவைத்து உதைத்தால் உண்மை வந்துவிடும் என்று காட்டுகிற கதைகள் உண்டு. சினிமாவில் அது மிக அதிகம். கதாநாயகன் கோர்ட்டுக்குப் போகாமல் துப்பாக்கியால் தீர்ப்புச் சொல்கிறான். கொட்டகையில் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டல் போலீஸ் நிலையம் வரைக்கும் கேட்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒரு சாதியை, ஓர் இனத்தை, ஒரு நிறத்தைக் காட்டி "இவன்தான் வில்லன்" என்று சொல்கிற கதைகளும் உண்டு. இங்கிலாந்தில் சீனாக்காரனையே வில்லனாக்கி எழுதிச் சலித்துப்போனார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், 1929-ம் ஆண்டு துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். "கதையில் சீனாக்காரனே வரக்கூடாது" என்று அதில் கேலியாக ஒரு கட்டளை சேர்த்தார்! அதே பத்தில், பேய் பிசாசு வந்து உதவக்கூடாது, துப்பறிபவர் தற்செயலாகக் கண்டுபிடிக்கக்கூடாது என்பவையும் உண்டு.

பிறப்பைப் பார்த்துக் குற்றவாளி என்று முத்திரை குத்தியது கதையில் மட்டுமா? குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ம் ஆண்டு வந்தது. 1911-ம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தையையும் சந்தேகப்பட்டியலில் சேர்த்த சட்டம் அது. நாடு முழுவதும் அது ஒழிந்தது 1952-ம் ஆண்டில்தான்.

ஆகவே அளவுகோல் இதுதான். கதையில் விசாரணை இருக்கிறதா? தடயம் நம் கண் முன்னே வைக்கப்படுகிறதா? சந்தேகப்பட்டவனுக்குப் பேச வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் பிள்ளையிடம் தைரியமாகக் கொடுங்கள்.

செய்ய வேண்டியவை

பொது நூலகத்துக்கு என்று இந்தியாவிலேயே முன்னோடியாகச் சட்டம் செய்தது நம் மாநிலம். ஆண்டு 1948. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். ஆகவே கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மயிலாடி போன்ற சிற்றூர்கள் வரை, ஒவ்வொரு நூலகத்திலும் துப்பறியும் கதைகளுக்கு ஒரு தனி அலமாரி வேண்டும். பழைய தமிழ் நாவல்களும், உலகக் கதைகளின் நல்ல தமிழ் மொழிபெயர்ப்புகளும் அதில் இருக்க வேண்டும். வங்காளத்துக் கதையும் ஜப்பானியக் கதையும் ஆங்கிலம் தெரிந்தவனுக்கு மட்டும் சொந்தம் அல்ல.

ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு வகுப்பில் ஒரு கதையைப் பாதி படித்து நிறுத்தலாம். "யார் செய்திருப்பார்கள்? ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்கலாம். முதல் கேள்வியை விட இரண்டாவது கேள்வி முக்கியம். காரணம் சொல்லப் பழகிய பிள்ளை, நாளைக்கு வதந்தியை நம்பிக் கல்லை எடுக்கமாட்டான்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் போலீஸ் அதிகாரி ஆவான். ஒருத்தி மாஜிஸ்திரேட் ஆவாள். மற்றவர்கள் நம்மைப் போலச் சாதாரண மனிதர்கள் ஆவார்கள். தெருவில் ஒருவனைச் சூழ்ந்து நாலு பேர் நிற்கும்போது, "இவன் எடுத்ததைப் பார்த்தது யார்?" என்று கேட்க ஐந்தாவது ஆள் ஒருவர் வேண்டும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சொன்ன பெரியவர்கள், அந்த ஐந்தாவது ஆளைத்தான் எதிர்பார்த்தார்கள்.

அந்த ஆளாக உங்கள் பிள்ளை வளர வேண்டுமா? பரணில் கிடக்கும் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுங்கள். பரீட்சை முடிந்த பிறகு!